பழைய ரேடியோ செட்டுக்கும் ஒரு சட்டம் வேண்டும்

(குமாரபாளையத்தில் நடந்த நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீங்க எலக்ட்ரானிக்ஸ் படிச்சவர், ஒலிபரப்புக் கருவிகளோடயே காலத்தை ஓட்டினவர். டிஜிட்டல் ரேடியோ வருதாமே, அதைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்றார். கூடவே, "சாப்பாட்டுக்கு முன்னாடி உங்க பேச்சு, பார்த்துக்கோங்க" என்றும் சொல்லிவிட்டார். ஆகவே நான் சொல்ல வந்த ஒரே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய டிஜிட்டல் ஒலிபரப்புக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்து எழுதக்கூடாது. கேட்கிறவர் கையில் இருக்கும் ரேடியோ செட்டைப் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் செய்தி என்னவென்று பார்ப்போம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது நாம் ட்ராய் என்று சொல்கிறோமே, அந்த ஆணையம் 2025 அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய அரசுக்கு ஒரு பரிந்துரையைக் கொடுத்தது. தனியார் பண்பலை நிலையங்கள் டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்குவது எப்படி என்பதுதான் அதன் பொருள். அதன் சாரம் இது. நாடு முழுவதற்கும் ஒரே டிஜிட்டல் தொழில்நுட்ப முறை இருக்க வேண்டும். ஒரு நிலையம் தனக்கு ஒதுக்கப்பட்ட ஒரே இடத்தில் பழைய அனலாக் சேனல் ஒன்று, டிஜிட்டல் சேனல் மூன்று, தகவல் சேனல் ஒன்று என்று சேர்த்தே அனுப்பலாம். இப்போது ஒலிபரப்பிக்கொண்டிருப்பவர்கள் விருப்பம் இருந்தால் மாறலாம், கட்டாயம் இல்லை. அனலாக்கை எப்போது நிறுத்துவது என்பதை, டிஜிட்டல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்துப் பிறகு முடிவு செய்யலாம்.

முதல் கட்டத்தில் 13 நகரங்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களும், அடுத்த நிலையில் உள்ள ஒன்பது நகரங்களும். தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான். கோவை இல்லை, சேலம் இல்லை, ஈரோடு இல்லை. நம்ம ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"அப்புறம் நமக்கென்னங்க?" என்று கேட்பீர்கள். சென்னைக்கு எழுதுகிற விதிதான் பத்து வருஷம் கழித்து நம் ஊருக்குள் வரும். வந்த பிறகு அதை மாற்ற முடியாது. விதி எழுதுகிற காலத்தில் பேசினால்தான் உண்டு. அதனால்தான் இன்றைக்கே பேசுகிறேன்.

அனலாக், டிஜிட்டல் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது ரொம்பச் சுலபம். சேலையின் பார்டருக்கு ஜக்கார்டு போட்டு நெய்கிறோம் இல்லையா? அந்த அட்டையில் என்ன இருக்கிறது? ஓட்டை இருக்கும், அல்லது இருக்காது. மூன்றாவதாக ஒன்றும் கிடையாது. மயிலானாலும் மாங்காயானாலும் எல்லாம் அந்த ஓட்டையின் கணக்குத்தான். டிஜிட்டல் என்பது அதுவேதான். பாட்டையும் பேச்சையும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து, எண்ணாக மாற்றி, ஓட்டை உண்டு இல்லை என்று அட்டை அடித்து அனுப்புகிறார்கள். நம் ரேடியோ அந்த அட்டையைப் படித்து மறுபடியும் பாட்டாக நெய்து கொடுக்கிறது. அனலாக் என்பது கையால் பார்த்துப் பார்த்துக் கோலம் வரைவது மாதிரி. வரைகிற கை நடுங்கினால் கோலமும் நடுங்கும்.

இதில் லாபம் என்ன? பண்பலைக்கு உள்ள இடம் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் நாட்டில் ஒரே ஊரில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது வழக்கம். அந்தக் கணக்கில் ஓர் ஊருக்குள் 25 நிலையங்களுக்கு மேல் நெருக்கவே முடியாது. டிஜிட்டலில் ஒரு நிலையத்தின் இடத்திலேயே மூன்று நான்கு நிகழ்ச்சிகளை அடுக்கலாம். ஒன்றில் பாட்டு, ஒன்றில் செய்தி, ஒன்றில் விவசாயம். ரேடியோவின் சிறு திரையில் தமிழ் எழுத்து ஓடும். அதைவிட, நம்மைப் போன்ற தறிக்காரர்களுக்கு ஒரு பெரிய லாபம். தறி மோட்டார் ஓடும்போது மத்திய அலையில் திருச்சியோ கோவையோ வைத்தால் "கொர்ர்" என்று ஓர் இரைச்சல் பாட்டோடு சேர்ந்து ஓடுமே, நினைவிருக்கிறதா? சிக்னல் போதுமான அளவு வந்தால் டிஜிட்டலில் அது கிடையாது. அலையை அனுப்புகிறவருக்கும் மின்சாரம் கணிசமாக மிச்சமாகும்.

நஷ்டமும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜக்கார்டு அட்டையில் கொஞ்சம் அழுக்குப் பட்டால் டிசைன் கெடாது. அட்டையே கிழிந்தால் டிசைனே வராது. டிஜிட்டலும் அப்படித்தான். அனலாக்கில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும், ஆனால் காதைத் தீட்டிக்கொண்டால் விஷயம் புரியும். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5-ல் வரும் கோடைப் பண்பலையை மொட்டை மாடியில் ஒரு மூலையில் நின்று, ஏரியலை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்டவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். டிஜிட்டலில் அந்த "இப்படியும் அப்படியும்" ரொம்பச் செல்லாது. ஓர் எல்லை வரைக்கும் கண்ணாடி மாதிரி கேட்கும். எல்லையைத் தாண்டினால் விட்டு விட்டுக் கேட்டு, சட்டென்று மௌனமாகிவிடும். ஆகவே எந்த ஊருக்கு எத்தனை பலத்தில் அலை போய்ச் சேர வேண்டும் என்பதை விதியில் எழுதாவிட்டால், எல்லையோரத்தில் இருக்கும் சின்ன ஊர்கள்தான் முதலில் விட்டுப்போகும்.

அடுத்து, எந்த முறை என்பது. உலகத்தில் டிஜிட்டல் வானொலிக்குப் பல முறைகள் உண்டு. ஐரோப்பாவில் பெரும்பாலும் டிஏபி. அமெரிக்காவில் எச்டி ரேடியோ. அங்கே அவர்கள் ஆணையம் 2002-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. அனலாக்கை நிறுத்தத் தேதி எதுவும் குறிக்கவில்லை. நம் அகில இந்திய வானொலி தேர்ந்தெடுத்தது டிஆர்எம் என்ற முறை. 2009-ல் டெல்லியிலிருந்து சிற்றலையில் தொடங்கி, பிறகு மத்திய அலையில் சென்னை, பெங்களூரு உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை அதற்கேற்ப அமைத்தார்கள். 2021-ல் பண்பலையிலும் டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் சோதித்துப் பார்த்தார்கள்.

டிரான்ஸ்மிட்டர் வந்துவிட்டது. கேட்கிற செட் எங்கே? கார்களில் இருக்கிறது! லட்சக்கணக்கான புதுக் கார்களில் டிஆர்எம் வாங்கும் வசதி உண்டு. கடையில் தனி ரேடியோ செட்டாகக் கேட்டால் சில ஆயிரம் ரூபாய் சொல்வார்கள், அதுவும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. சாதாரண எஃப்எம் ரேடியோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது அதை யார் வாங்குவார்? செட் இல்லாததால் நிகழ்ச்சி இல்லை, நிகழ்ச்சி இல்லாததால் செட் இல்லை. பாவு வராமல் ஊடை ஓட்ட முடியாது, ஊடை இல்லாமல் பாவைப் பூட்டி என்ன பயன் என்று இரண்டு பேர் தறிப்பட்டறை வாசலில் நின்று வாதாடினால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான். 2018 பிப்ரவரியிலேயே ட்ராய், விரிவான கொள்கையும் கால அட்டவணையும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த பரிந்துரை வரவே ஏழு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. நம் வானலைச் சட்டத்தின் வேர் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் இருக்கிறது. பிறகு 1933-ல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. ரேடியோ வைத்திருக்கிறவரே லைசென்ஸ் எடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கி வருவார்கள். அது 1980-களில் ஒழிந்தது. அந்தச் சட்டங்களின் பார்வையில் வானலை அரசாங்கத்தின் சொத்து, கேட்கிறவன் அனுமதி வாங்க வேண்டிய ஆள்.

இதைப் புரட்டிப்போட்டது ஒரு கிரிக்கெட் மேட்ச். 1993-ல் நடந்த ஹீரோ கோப்பைப் பந்தயத்தை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் வழக்கு. 1995 பிப்ரவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வானலை பொதுமக்களின் சொத்து. அரசாங்கத்துக்கும் அது தனிச்சொத்து அல்ல, பணம் உள்ள தனியாருக்கும் அல்ல. அதைப் பொது நன்மைக்காக ஒழுங்குபடுத்த ஒரு சுயேச்சையான அமைப்பு வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. பிறகு 1997-ல் ட்ராய் பிறந்தது. 2004-ல் ஒலிபரப்பும் அதன் கீழ் வந்தது. 1885, 1933 இரண்டுக்கும் பதிலாக 2023-ல் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது.

பொதுமக்களின் சொத்து என்று சொல்லியாயிற்று. சரி. அப்படியானால் அந்தச் சொத்தில் ஒரு மாற்றம் செய்யும்போது சொத்துக்காரரைக் கேட்க வேண்டாமா? அவர் வீட்டில் இருக்கும் பழைய செட் ஒரே நாளில் வெறும் பெட்டியாகப் போனால், அதற்கு யார் பொறுப்பு?

கேபிள் டிவி டிஜிட்டலாக மாறிய காலத்தில், தறி ஓட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்த என் பெரியம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏங்கண்ணு, டிவி நல்லாத்தானே ஓடுது? அதுக்கெதுக்கு இன்னொரு பொட்டி? அதுக்குக் காசு யாரு குடுப்பா?" நான் படம் போட்டு விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரி கண்ணு, காசு யாருன்னு நீ சொல்லவே இல்லியே" என்றார். தொழில்நுட்பம் பேசும் எந்தக் கூட்டத்திலும் இத்தனை சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. அதற்குப் பதில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தமிழக அரசு கேபிள் நிறுவனம் 2017 செப்டம்பரில் செட்டாப் பாக்ஸை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அரசியல் கணக்கு எதுவானாலும், பெட்டிக்குக் காசு யார் என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருந்தது.

தூர்தர்ஷனின் பழைய அனலாக் டவர்களும் படிப்படியாக மூடப்பட்டன. முக்கியமான இடங்களில் சுமார் 50 டிரான்ஸ்மிட்டர்கள் தவிர மற்றவை 2022 மார்ச்சுக்குள் மூடப்படும் என்று 2021 அக்டோபரில் அறிவித்தார்கள். அதற்குள் மக்கள் கேபிளுக்கும், 2004 முதல் வரும் மாதக் கட்டணமில்லாத டிடி இலவச டிஷ்ஷுக்கும் மாறியிருந்தார்கள். மாற்று வழி முன்னாலேயே இருந்ததால் டவர் மூடியது பெரிய வலியாகத் தெரியவில்லை. வானொலிக்கு அப்படி ஒரு மாற்று வழி வேண்டாமா?

வெளிநாட்டையும் பாருங்கள். நார்வே 2017-ல் தேசிய நிலையங்களின் எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தியது. உலகத்திலேயே முதல் நாடு. அங்கே 2011-லேயே பாராளுமன்றம் நிபந்தனை வைத்தது, 2015-ல் தேதியை உறுதி செய்தது, 2017-ல் ஒவ்வொரு பகுதியாக நிறுத்தினார்கள். சின்ன உள்ளூர் நிலையங்களை எஃப்எம்மிலேயே விட்டுவைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு எஃப்எம்மை நிறுத்தியது. பலர் புது செட் வாங்கவில்லை. பழைய செட்டிலேயே முள்ளைத் திருப்பி, தனியார் நிலையத்துக்கும் பக்கத்து நாட்டு நிலையத்துக்கும் போய்விட்டார்கள். நம்மைவிடப் பல மடங்கு வசதியான நாட்டிலேயே கதை இப்படி!

அலைபேசியிலும் இதே கேள்விதான். இண்டர்நெட் இல்லாமலே டவரிலிருந்து நேராகப் போனுக்கு ஒளிபரப்பும் முறையை கான்பூர் ஐஐடியும் பெங்களூருவின் சாங்க்யா நிறுவனமும் உருவாக்கின. 19 நகரங்களில் சோதிக்கப்போவதாக 2024 ஜனவரியில் தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலர் சொன்னார். ஆனால் 2023-லேயே போன் தயாரிப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கான சிப்பைச் சேர்த்தால் ஒரு போனுக்கு 30 டாலர் வரை கூடும் என்றார்கள். பெரியம்மா கேட்ட கேள்வியைத்தான் கம்பெனிக்காரர்களும் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள்!

"இன்னிக்கு யாருப்பா ரேடியோ கேட்கிறா?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. இரவு ஷிஃப்ட் ஓடும் தறிக்குடோனுக்குள் போய்ப் பாருங்கள். கையும் கண்ணும் தறியில் இருக்கும்போது காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. டீக்கடையிலும், சலூனிலும், கண்ணுத் தெரியாத வயசானவர்களின் கட்டிலுக்குப் பக்கத்திலும் அது பாடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று. நாம் இருப்பது காவிரிக் கரை. 2018-லும் 2022-லும் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் திறந்தபோது, கரையோரம் இந்திரா நகர், கலைமகள் வீதிப் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ஜனங்கள் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் தங்கினார்கள். வெள்ளத்தில் முதலில் கரண்ட் போகும். பிறகு செல்போன் டவர் பேட்டரி தீரும். இரண்டு செல் போட்ட ரேடியோ அப்போதும் பேசும். டிஜிட்டல் இதில் இன்னும் ஒரு படி மேலே போகக்கூடியது. அவசர எச்சரிக்கை வந்தால், வேறு நிகழ்ச்சி ஓடினாலும் செட் தானாகவே எச்சரிக்கைக்கு மாறும், காத்திருப்பு நிலையில் இருந்தால் தானாக விழித்துக்கொள்ளும், தமிழில் எழுத்தும் காட்டும். டிஆர்எம் முறையில் இந்த வசதி உண்டு. ஆனால் எந்த செட் விழிக்கும்? வசதி உள்ள செட் மட்டும்தான் விழிக்கும். கார் வைத்திருப்பவரை எழுப்பிவிட்டு, ஆற்றோரம் படுத்திருப்பவரைத் தூங்கவிடும் எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்?

ஒலிபரப்புகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழையது, புதியது இரண்டையும் சேர்த்து நடத்துவது இரட்டைச் செலவு. "எத்தனை வருஷம் இரண்டு குதிரையில் சவாரி?" என்று அவர்கள் கேட்பது நியாயமே. முடிவு தேதியே இல்லாவிட்டால் செட் தயாரிப்பவரும் முதல் போட மாட்டார். இதையும் மனதில் வைத்துத்தான் என் யோசனைகளைச் சொல்கிறேன்.

ஒன்று. அனலாக்கை நிறுத்தும் நாளைக் காலண்டர் பார்த்துக் குறிக்காமல், வீடுகளில் செட்டை எண்ணிக் குறிக்க வேண்டும். இத்தனை சதவீத வீட்டில் டிஜிட்டல் செட் வந்த பிறகே அனலாக் நிற்கும் என்று விதியில் எழுதட்டும். ஒலிபரப்புகிறவருக்கும் தயாரிப்பவருக்கும் அது தெளிவான இலக்கு. அந்த எண்ணிக்கையைச் சென்னை அண்ணா சாலைக் கார்களில் எடுக்காமல், குமாரபாளையம், பள்ளிபாளையம் மாதிரி ஊர்களில் எடுக்கட்டும்.

இரண்டு. எந்த முறையானாலும் சரி, தேர்ந்தெடுப்பது ஒரு தடவைதான் இருக்க வேண்டும். ஒரே செட் அகில இந்திய வானொலியையும் தனியார் நிலையத்தையும் சமூக வானொலியையும் வாங்க வேண்டும். மூன்றுக்கு மூன்று செட் வாங்க நம்மால் ஆகாது.

மூன்று. வானொலி இலவசமாகவே இருக்க வேண்டும். டிஜிட்டல் வந்தால் பூட்டுப் போடுவதும் சுலபம், மாதக் கட்டணம் கேட்பதும் சுலபம். பொது ஒலிபரப்புக்கும் அவசர எச்சரிக்கைக்கும் ஒருபோதும் பூட்டு இல்லை என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நான்கு. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு டிஜிட்டல் செட்டிலும், மலிவானதிலும்கூட, அவசர எச்சரிக்கை வசதி கட்டாயம். எஃப்எம் வசதி உள்ள பல போன்களில் அதை முடக்கியே விற்றதால், முடக்க வேண்டாம் என்று 2023-ல் மத்திய அரசு அறிவுரை கூற வேண்டி வந்தது. அறிவுரை போதாது, விதி வேண்டும்.

ஐந்து. சமூக வானொலிகளை விட்டுவிடக் கூடாது. 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்எம்தான் இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்தில் பிறந்த முதல் சமூக வானொலி. சின்ன பலத்தில், சின்னச் செலவில் நடக்கும் நிலையங்கள் அவை. நார்வே மாதிரி அவர்களைப் பழைய முறையிலேயே தொடர விட வேண்டும், மாற விரும்பினால் கைதூக்கிவிட வேண்டும்.

இதெல்லாம் நாம் சொன்னால் நடக்குமா என்று கேட்கலாம். ட்ராய் எந்த விஷயத்தில் பரிந்துரை செய்வதற்கு முன்னாலும் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிடும். இந்த விஷயத்தில் 2024 செப்டம்பர் 30-ல் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனிகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. தறிக்காரர் எழுதுவதில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நம்மைப் படிக்க வைத்தது இந்த ஊர்த் தறிக்கூலி. அடுத்த அறிக்கை எந்த விஷயத்தில் வந்தாலும், நம் சங்கத்தின் பெயரில் இரண்டு பக்கம் எழுதி அனுப்புவோம். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு மாணவர்கள் விஷயத்தைத் திரட்டட்டும், நாம் கையெழுத்துப் போடுவோம். இதை இன்று மதியம் நடக்கும் பொதுக்குழுவில் தீர்மானமாகவே வைக்கிறேன். வழிமொழிய ஒருவர் எழுந்தால் போதும்.

சமையல்கட்டிலிருந்து வாசனை வந்துவிட்டது, செயலாளரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.